மலையில் அச்சிட்ட சட்டை ஏன் உரிகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் சொந்தப் பெயரில் டி-சர்ட் அச்சிட்டு விற்கும் இளைஞர்களைப் பற்றியும், அவர்களைச் சுற்றி ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நடக்கும் சின்னச் சின்னப் பாட்டு, ஓவிய, கவிதைக் கூட்டங்களைப் பற்றியும் உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் இவர்களுக்கு விளம்பர உத்தி போதவில்லை, சமூக ஊடகப் பயிற்சி கொடுத்தால் போதும் என்ற அதன் முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. கைபேசியில் படம் போட்டு ஆள் சேர்ப்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டை விற்றுவிடுகிறது. விற்ற சட்டை மூன்றாவது சலவையில் உரிந்து, வாங்கியவர் மறுபடி அந்த மேசைப் பக்கம் வராமல் போவதுதான் பிரச்சினை. உரிவதற்குக் காரணம் இந்த மலையின் ஈரமும் குளிரும். அதைச் சமாளிக்க வழி இருக்கிறது, ஆனால் தனித்தனியாகச் சமாளிக்கக் கட்டுப்படியாகாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொடைக்கானலில் இதே வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சட்டைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு. இந்தக் கூட்டங்களுக்கு மேடை கிடையாது. டீக்கடை மாடி, சீசன் முடிந்து காலியாகக் கிடக்கும் விடுதிக் கூடம், பழைய தேயிலை குடோன் இப்படி எங்காவது நாற்பது பேர் கூடுகிறார்கள். தமிழிலும் படுக மொழியிலும் பாட்டு எழுதுகிறவர்கள், சுவரில் வரைகிறவர்கள், நான்கு பக்கத்தில் கையால் தைத்த சிறு இதழ் போடுகிறவர்கள். நுழைவுச்சீட்டு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். ஒலிபெருக்கிக்கும் டிரம்ஸுக்கும் வாடகை கொடுப்பது வாசலில் மேசை போட்டு விற்கும் சட்டைதான். சட்டையில் படம் வரைந்தவரே சுவரொட்டியும் வரைந்திருப்பார். ஆக, சட்டை கெட்டால் கூட்டமும் நின்றுபோகும். திருப்பூர் பனியனில் ஒரு படத்தை ஒட்டி விற்கிறார்கள் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இனி வேலைக்கு வருவோம். திரை அச்சில் ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலைத்துணி, அதன் கண்கள் வழியேதான் மை சட்டையில் இறங்கும். அதில் பூசும் எமல்ஷன் என்ற பூச்சு ஒளி பட்ட இடத்தில் இறுகும், படம் மறைத்ததால் ஒளி படாத இடத்தில் தண்ணீரில் கரையும். பூச்சு அடிவரை உலர்ந்திருந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். உள்ளே ஈரம் நின்றால் எவ்வளவு நேரம் விளக்கடியில் வைத்தாலும் அரைகுறையாகத்தான் இறுகும். கழுவும்போதே படத்தின் ஓரம் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது தப்பித்தாலும் இருபதாவது சட்டை அடிக்கும்போது ஊசித்துளைகள் விழும். கீழே சமவெளியில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு மணி நேரத்தில் உலர்கிற பூச்சு, ஐப்பசி மழையில் கோத்தகிரியில் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டும்.

இதற்குப் பலரும் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்குகிறார்கள். காசுக்குக் கேடு. கம்ப்ரசர் வைத்த அந்த இயந்திரங்கள் 15 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, உள்ளே குழாயில் பனி பிடித்து நின்றுவிடும். தேவையானது சூடு மட்டும்தான். 12 டிகிரி வெப்பத்தில் 95 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியேற்றாமலே அதன் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். சூடான காற்று கூடுதல் ஈரம் தாங்கும் என்பதால் பூச்சிலிருக்கும் தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளும். பழைய இரும்பு பீரோ ஒன்று போதும். அடியில் 200 வாட் ஹீட்டர், அதை 35 டிகிரியில் நிறுத்தும் தெர்மோஸ்டாட், கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி ஒன்று, மேல்பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளை இல்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் துளை வழியே வெளிச்சம் நுழையக்கூடாது, உள்ளே கறுப்புத் தகடு ஒன்றைச் சாய்த்து மறைக்க வேண்டும். 40 டிகிரியைத் தாண்டவிட்டால் எமல்ஷன் இருட்டிலேயே இறுகத் தொடங்கும், பிறகு படம் கழுவி வராது. ஹீட்டருக்குப் பதிலாகக் குண்டு பல்பு போடுவதும் தவறு, அதன் வெளிச்சமே பூச்சைக் கெடுத்துவிடும். ஸ்கிரீனை அச்சுப் பக்கம் கீழே பார்க்கும்படி படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் பூச்சு துணி படும் பக்கமாக இறங்கி, மெஷ்ஷுக்கு வெளியே ஒரு மெல்லிய தோலாக நிற்கும், அச்சின் ஓரம் கூராக வரும்.

மரச்சட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் உப்பி முறுக்கிக்கொள்ளும், மெஷ் தளரும், இரண்டு நிறம் ஒன்றோடொன்று பொருந்தாது. விலை கூடினாலும் அலுமினியச் சட்டம்தான்.

பூச்சின் மேல் ஒளி படவைத்து ஸ்கிரீனில் படமெடுக்க இன்னும் சிலர் வெயிலை நம்புகிறார்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் இங்கே விழும் புற ஊதாக் கதிர் கோயம்புத்தூரைவிடக் கடுமை, ஐந்து நிமிடத்தில் மஞ்சு மூடினால் ஒன்றுமே இல்லை. எனவே கீழே கேட்டு வந்த நேரக் கணக்கு எதுவும் இங்கே செல்லாது. யுவி எல்இடி விளக்கு ஒன்றை ஸ்கிரீனிலிருந்து மாறாத தூரத்தில் பொருத்தி, ஒரே ஸ்கிரீனில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று எட்டு நிமிடம் வரை பட்டைபட்டையாக அட்டையை நகர்த்திச் சோதித்து, எந்தப் பட்டையில் மெல்லிய கோடும் நிற்கிறது, பூச்சும் கொழகொழக்கவில்லை என்று பார்த்து அந்த நேரத்தைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். புதிய டப்பா எமல்ஷன் திறந்தால் மறுபடி சோதனை. கழுவும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மார்கழிக் குழாய்த் தண்ணீரில் படம் திறக்காமல் போய், அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்துக் கெடுப்பதுதான் அதிகம்.

எமல்ஷன் பூச்சுக்கு உலர்ந்த, வெப்பம் மாறாத கூடம் வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தி அல்ல. 1960இல் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது ஊட்டியின் இந்துநகரில்தான். அந்தப் பூச்சு வேலை தெரிந்த கைகள் இருந்த ஊரில், இன்று பிள்ளைகள் ஒரு ஸ்கிரீனை உலர்த்தத் தலைமுடி காயவைக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தமிழ் எழுத்து அச்சிடுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆங்கில எழுத்துக்கு வைத்த அளவில் தமிழை அடித்தால் புள்ளி அடைத்துக்கொள்ளும், ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழி மூடிக்கொள்ளும். பனியன் துணியில் மை எல்லாப் பக்கமும் சிறிது பரவும். அச்சில் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமலும், சுழியின் உள்வெளி ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமலும், புள்ளியின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டராவதும் இருக்கும்படி எழுத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். சிறிய எழுத்துக்கு 77 டி மெஷ் (சென்டிமீட்டருக்கு 77 இழை), கறுப்புத் துணியில் கெட்டியான வெள்ளைக்கு 43 டி. இரண்டையும் ஒரே ஸ்கிரீனில் அடிக்க முயன்றால் ஒன்று கெடும். சுவரொட்டிக்கு 77 டியில் எடுத்த ஸ்கிரீனை அப்படியே கறுப்புச் சட்டைக்குப் பயன்படுத்தினால் வெள்ளை சாம்பலாகத் தெரிவதும் இதனால்தான். கோப்பை அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக மாற்றிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வரி அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். அதைக் கவனிக்காமல் படமெடுத்த ஸ்கிரீன்களும் உண்டு.

இப்போது உரிதலுக்கு வருவோம். கடைகளில் அதிகம் புழங்கும் பிளாஸ்டிசால் மை காற்றில் உலரும் மை அல்ல. எத்தனை நாள் கொடியில் போட்டாலும் ஈரமாகவே இருக்கும். வழக்கமான வகைக்கு, மைப்படலம் மேலிருந்து துணியைத் தொடும் அடிப்பகுதி வரை ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். மேல்தோல் 160 தொட்டு அடி 120இல் நின்றால், கையில் ஒட்டாது, பார்வைக்கு நன்றாக இருக்கும், விற்பனைக்கும் போய்விடும். அடிப்பகுதி துணியைப் பிடிக்காததால் இரண்டு மூன்று சலவையில் தகடுதகடாக வந்துவிடும்.

அடி ஏன் சூடாவதில்லை? பருத்தி காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். சாதாரண நிலையிலேயே அதன் எடையில் ஏறக்குறைய எட்டு விழுக்காடு தண்ணீர்தான். மழைமாதத்தில் பத்தைத் தாண்டும். 200 கிராம் சட்டையில் இருபது கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அது முழுக்க ஆவியாகிப் போகும்வரை துணியும் அதை ஒட்டிய மையும் சூடேற மறுக்கும். நீங்கள் கணக்கு வைத்த அறுபது நொடியில் பாதி இப்படித் தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே போய்விடுகிறது. 320 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 320 கிராம்) ஹூடி துணி என்றால் நிலைமை இன்னும் மோசம். மலையில் எல்லாரும் ஹூடிதான் கேட்கிறார்கள், உரிந்து வருவதும் ஹூடிதான் அதிகம். அச்சிடுவதற்கு முன் வெற்றுத் துணியைச் சூட்டுப் பலகையில் (ஹீட் பிரஸ்) பத்து நொடி அழுத்தி, எடுத்து உதறி ஆவியைப் போகவிட்டு, மறுபடி பத்து நொடி அழுத்திவிட்டு உடனே அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். இது ஒன்றைச் செய்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி மின்சாரம். சூட்டுப் பலகை 2,000 வாட் என்று எழுதியிருப்பது 230 வோல்ட்டுக்கு. மாலையில் ஹீட்டரும் கீசரும் ஓடும் நேரத்தில் மலைக் கிராமங்களில் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே பலகை 1,365 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. பலகையின் காட்டி 160 என்றே காட்டும். முதல் சட்டையும் சரியாக வரும். குளிர்ந்த, ஈரமான துணிகள் அடுத்தடுத்து ஏற ஏற, இழந்த சூட்டைப் பலகையால் மீட்க முடியாமல் ஐந்தாவது சட்டையிலிருந்து அரைவேக்காடாகப் போகும். ஒவ்வொரு சட்டைக்கும் இடையே அரை நிமிடமாவது பலகையைச் சும்மா விட வேண்டும். வேலையைக் காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் இடையில் வைத்துக்கொண்டால் நல்லது. அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி மேல்தோலை மட்டுமே அளக்கும். துணியில் ஒட்டினால் எட்டிய வெப்பத்தை நிறம் மாறிக் காட்டும் பட்டைகள் கிடைக்கின்றன, ஐம்பது சட்டைக்கு இரண்டு வீணடித்தாலும் லாபம்தான். ஹாட் ஏர் கன் வைத்து ஊதி மையை வேகவைப்பதை அறவே விட்டுவிடலாம். ஓரிடத்தில் கருகும், இன்னோரிடத்தில் பச்சையாக நிற்கும்.

பிளாஸ்டிசால் குளிரில் கெட்டிப்படும். அதைத் தளர்த்த மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ ஊற்றுகிறார்கள். ஊற்றிய மை எந்தச் சூட்டிலும் ஒழுங்காகப் பிடிக்காது. டப்பாவை வெதுவெதுப்பான அலமாரியில் இரவு வைத்துவிட்டு, காலையில் ஐந்து நிமிடம் கிண்டினாலே இளகிவிடும். அச்சுப் பலகையையும் முதல் சட்டை ஏறும்முன் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். வாட்டர் பேஸ்டு பிக்மென்ட் மைக்குப் போனால் தொடுவதற்கு மென்மையாக இருக்கும், பழகப் பழக அழகு கூடும், எங்கள் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அதற்கும் 150 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் சூடு வேண்டும். மையைத் துணியில் பிடிக்கவைக்கும் ஃபிக்ஸர் கலந்து நிழலில் மூன்று நாள் தொங்கவிட்டால் போதும் என்று சொல்வது சமவெளிக்குச் சரி, ஆடி மாதக் கூடலூருக்குச் சரிவராது. இஸ்திரிப்பெட்டியால் நான்கு நிமிடம் தேய்ப்பது பத்து சட்டைக்கு முடியும். ஐம்பதுக்கு யார் தோளாலும் முடியாது.

விற்பதற்கு முன் சோதனை எளிது. ஆறிய அச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்தால் வேகவில்லை என்று பொருள். வெடிக்காவிட்டாலும் ஒவ்வொரு தடவை அடித்ததிலும் ஒரு சட்டையை ஐந்து முறை வெந்நீரில் துவைத்துப் பார்க்காமல் மேசைக்கு அனுப்பக்கூடாது. டிடிஎஃப் என்ற ஸ்டிக்கர் அச்சைத் திருப்பூரிலிருந்து மீட்டர் கணக்கில் வரவழைத்து ஒட்டுவது இதற்கெல்லாம் குறுக்குவழி. சின்னச் சின்னப் படத்துக்குப் பரவாயில்லை. நெஞ்சு முழுக்க ஒட்டினால் ரப்பர் பலகை கட்டிக்கொண்ட மாதிரி வேர்க்கும், அதோடு அடித்தவர் யார் என்ற அடையாளமும் போய்விடும்.

துணியைப் பொறுத்தவரை, சாயம் போட மில்லுக்குச் சென்றால் ஒரு நிறத்துக்கே பல பத்துக் கிலோ கேட்பார்கள். சிறிய கைகளுக்குத் திருப்பூர் காதர்பேட்டையில் தயாராக இருக்கும் நிறங்கள்தான் கட்டுப்படியாகும். கோம்டு காட்டன் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய பருத்தி), 180 ஜிஎஸ்எம், பயோ வாஷ் (பிசிறு போக நொதியில் அலசியது), கம்பாக்டிங் (முன்கூட்டியே சுருக்கியது) ஆனதா என்று கேட்டு வாங்க வேண்டும். கம்பாக்டிங் ஆகாத துணி முதல் சலவையில் நீளத்தில் சுருங்கி, பக்கத் தையல் வயிற்றுக்குச் சுற்றிக்கொண்டு வரும். 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்து மூன்று முறை துவைத்து அளந்தால் தெரிந்துவிடும். 47க்குக் கீழே போனால் அந்த ரோலைத் திருப்பிவிடலாம். உள்ளூர்த் தையல் அக்காக்களிடம் கொடுக்கும்போது முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசியையும் சேர்த்துக் கொடுங்கள். ரவிக்கை தைக்கும் கூர் ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுத்துவிடும். தைத்த அன்று தெரியாது, துவைத்தபின் தையல் ஓரம் வரிசையாக ஓட்டை விழும்.

இன்னொன்று, கூலிக்குத் தைத்துத் தரும் ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் வழக்கப்படி ஒவ்வொரு சட்டையையும் பாலித்தீன் உறையில் போட்டு அனுப்புவார்கள். நீலகிரிக்குப் பாலித்தீன் ஆகாது என்று முதலிலேயே சொல்லி, பன்னிரண்டு சட்டையாகக் காகிதத்தில் கட்டச் சொல்ல வேண்டும். காகிதக் கட்டு ஈரம் இழுக்கும். வந்த அன்றே பிரித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய மர அலமாரியில் அடுக்காவிட்டால் இரண்டு வாரத்தில் பூசண வாடை வந்துவிடும்.

தோடர் பூவேலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சிவப்பும் கறுப்புமான அந்தக் கோலத்தைப் படமெடுத்துச் சட்டையில் அச்சடித்து 'தோடா எம்பிராய்டரி' என்று எழுதி விற்பது பெருகிவருகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. அச்சடித்ததற்கு அந்தப் பெயரைப் போடுவது சட்டப்படியும் தப்பு, அந்தப் பெண்களின் வயிற்றில் அடிப்பதும்கூட. படம் வரைந்துகொள்ளாமல், நெசவுத் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுகிற வேலை அது. பனியன் துணியில் எண்ணுவதற்கு ஊடும் பாவும் கிடையாது, எனவே நேராக டி-சர்ட்டில் போட இயலாது. உண்மையான பூவேலையைச் சட்டையில் கொண்டுவர விரும்பினால், வெள்ளை நெசவுத் துணித்துண்டில் அவர்களிடமே போட்டு வாங்கி, கூலியை முன்பணத்தோடு பேசி, அந்தத் துண்டைச் சட்டையில் வைத்துத் தைக்க வேண்டும். தைக்கும் முன் துண்டையும் சட்டையையும் தனித்தனியே துவைத்துச் சுருங்கவிடுங்கள். பனியன் கூடுதலாகச் சுருங்கும், துண்டு அவ்வளவு சுருங்காது, துவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே துண்டு உப்பிக்கொண்டு நிற்கும். சிவப்பு நூலின் மேல் நனைத்த வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். குறும்பர் ஓவியத்துக்கும் இதே நியாயம்தான்: வரைந்தவரைக் கேட்டு, அவர் பெயரைப் போட்டு, சட்டைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள்.

பணக் கணக்கைப் பாருங்கள். இரண்டு நிறத்தில் ஐம்பது சட்டை. கழிவோடு சேர்த்து ஒரு கிலோ துணியில் நாலரை சட்டை விழும். துணி, தையல், அச்சு, லாரி வாடகை எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 250 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். 600க்கு விற்று, கடைக்காரர் முப்பது விழுக்காடு எடுத்துக்கொண்டால் கைக்கு 420. ஐம்பதும் போனால் 21,000 வரும், அடக்கம் 12,500 போக 8,500 மிச்சம். எட்டு சட்டை வேகாமல் கழிந்தால் மிச்சம் 5,140. இடையில் போன 3,360 ரூபாய் அந்த மாலையின் ஒலிபெருக்கி வாடகை. இதில் யாருடைய உழைப்புக்கும் கூலி போடவில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லை தாண்டி சுல்தான் பத்தேரிக்கோ குண்டல்பேட்டைக்கோ அனுப்பி விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதைக் கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் தீர்வாக நாங்கள் கேட்பது ஒரு பொதுக் கொட்டகை. சட்டையை ஓடவிட்டு வேகவைக்கும் சின்ன பெல்ட் டிரையர்கூட 6 கிலோவாட் இழுக்கும். அதாவது 26 ஆம்பியர். எந்த வீட்டு ஒற்றைப் பேஸ் இணைப்பும் அதைத் தாங்காது, மும்முனை இணைப்பு வேண்டும். தனியொரு பிராண்டால் இதை வாங்கி வைக்க முடியாது, வாங்கினாலும் மாதத்தில் ஒரு நாள்தான் வேலை. ஆனால் மணிக்கு அறுபது சட்டை போனால்கூட ஒருவரின் ஐம்பது சட்டை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம். மாவட்டத்தில் பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களில் நானூறு சதுர அடி உள்ள ஒன்று போதும். உள்ளே டிரையர், இரண்டு உலர்த்தும் பீரோ, ஒரு யுவி மேசை, கழுவுதொட்டி. மணிக்கணக்கில் வாடகை வைத்து மின்கட்டணத்தைப் பயன்படுத்துகிறவர்களே கட்டலாம்.

இருப்பிடம் ஒன்றல்ல, இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூரும் பந்தலூரும் ஊறும்போது கோத்தகிரிப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவத்தில் குன்னூரும் கோத்தகிரியும் நனையும்போது கூடலூரில் வெயில் எட்டிப் பார்க்கும். மே மாத மலர்க்காட்சிக் கூட்டத்துக்கு விற்க வேண்டிய சரக்கைத் தை முதல் பங்குனிக்குள் அடித்து முடிப்பதுதான் புத்திசாலித்தனம். அப்போது உறைபனியில் மை கெட்டியாகும், ஆனால் காற்று உலர்ந்திருக்கும். இரண்டில் கெட்டி மையைச் சமாளிப்பது எளிது.

கழிவுநீர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பைகுரோமேட் கலந்த பழைய வகைப் பூச்சை அந்தக் கொட்டகைக்குள் விடவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நஞ்சு. ஸ்கிரீனில் மிஞ்சிய மையை அட்டையால் வழித்து டப்பாவில் போட்டு, துணியால் துடைத்த பிறகே தண்ணீர் படவேண்டும். வடிகாலில் இரண்டடுக்கு வடிதுணி கட்டி, தேங்கிய படிவை மாதம் ஒருமுறை அள்ளிக் காயவைத்துத் தனியே ஒப்படைக்க வேண்டும். ஊட்டியில் கோடப்பமந்து கால்வாயில் விட்டது எதுவும் ஏரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஏரியைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிறவர்களின் சட்டை மை அதில் மிதக்கக்கூடாது.

மாலையில் மேசைகளைச் சுவரோரம் தள்ளினால் அதே கொட்டகையில் நாற்பது பேர் உட்காரலாம். கரைப்பான் வாடை இல்லாத மைகளை மட்டும் அனுமதித்தால் அதற்குத் தடையில்லை. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஒன்பதுக்கே முடித்துவிடுவது இங்கே நல்லது. வீடு திரும்பும் வழியில் கரடியும் காட்டெருமையும் நிற்கும் ஊர் இது. வெளியூரிலிருந்து சொந்த வண்டியில் பாட வருகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைய இணையத்தில் இ-பாஸ் எடுக்கவேண்டும் என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டி நின்றபின் தொலைபேசியில் அழைத்துப் பயனில்லை.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பக்கத்தின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கோயில், கல்லூரி, சங்கக் கூட்டங்களோடு இந்தச் சிறு கூட்டங்களுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். புகழ்ந்து எழுத வேண்டியதில்லை. இடம், தொடங்கும் நேரம், அந்த வழியில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
திரை அச்சு, தையல் வேலை செய்வோர் சிலர்,
கோத்தகிரி – குன்னூர்